போலந்து சீஸ் சென்னைக்கு வந்தால் கணக்கு கையைக் கடிக்குமா?

போலந்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி அங்கே ஒரு சீஸ் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறார். ஸ்லைஸ் சீஸின் கிலோ விலை நம் ஊர்க் கடை விலையில் பாதிதான் வருகிறது என்கிறார். 20 அடி கண்டெய்னர் ஒன்றை இறக்கி அண்ணா நகர், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கத்துக் கடைகளுக்குப் போட்டால் லாபம் நிற்குமா, என்னென்ன லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் விஷயத்தைப் பட்டியல் போட்டு யாரும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்குள்ள விலைக்கும் இங்குள்ள விலைக்கும் நடுவில் தெரிகிற அந்த இடைவெளி உங்கள் கைக்கு வந்து சேருமா என்பதுதான். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் பால் தொழில்நுட்பம் படித்தவன். படிப்பு முடிந்ததிலிருந்து பெரும்பாலும் சென்னையில், இறக்குமதி உணவுப் பொருள்களைத் துறைமுகத்திலிருந்து குளிர்கிடங்குக்கும் அங்கிருந்து கடைகளுக்கும் கொண்டுபோகும் வேலையில்தான் இருந்திருக்கிறேன். வரிக் கணக்குத் தாக்கல், வங்கிக் கடன் போன்றவற்றுக்கு உங்கள் ஆடிட்டர்தான் சரியான ஆள்; அவற்றுக்குள் நான் போகவில்லை.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். இதில் முதல் தொகையும் செலவு, லாப விகிதங்களும் நான் வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் நடப்பில் உள்ளவை. சரக்கு விலை, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சென்னைத் துறைமுகத்தில் கிலோ 400 ரூபாய்க்கு வந்து நிற்கிறது என்று வையுங்கள். ஸ்லைஸ் சீஸ் பதப்படுத்திய சீஸ் வகை; அது சுங்க அட்டவணையில் 0406 30 என்ற தலைப்பில் வருகிறது. அடிப்படை சுங்க வரி 30 சதவீதம், அதாவது 120 ரூபாய். அந்த வரித் தொகையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, அது 12 ரூபாய். ஆக 532. இதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி., 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 வரை சீஸுக்கு 12 சதவீதமாக இருந்தது, அன்றைக்குத்தான் குறைந்தது. இந்த 5 சதவீதத்தை விற்கும்போது உள்ளீட்டு வரவாக, அதாவது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அடக்கவிலையில் சேர்க்கவில்லை. சுங்கத் தரகர் கூலி, கண்டெய்னர் யார்டு கட்டணம், மின் இணைப்புக் கட்டணம், பரிசோதனை, குளிர்கிடங்கு, வண்டி என்று கிலோவுக்கு 40 ரூபாய் வையுங்கள். 572 ஆகிவிட்டது. உங்கள் பங்கு 15 சதவீதம், விநியோகஸ்தருக்கு 8, கடைக்காரருக்கு 20 என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் 852 ரூபாய் வரும். ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்த்தால் 895. அதாவது 10 ஸ்லைஸ் இருக்கிற 200 கிராம் பாக்கெட்டின் அதிகபட்ச விலை 179 ரூபாய். இதில் ஸ்கீம், இலவச மாதிரி, எக்ஸ்பயரி ரிட்டர்ன் எதையும் நான் சேர்க்கவே இல்லை. இன்று மாலை பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் உள்நாட்டு ஸ்லைஸ் பாக்கெட்டுகளின் விலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் தம்பி சொன்ன 'பாதி விலை' எங்கே கரைந்தது என்பது தெரிந்துவிடும்.

சுங்க வரி குறையும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்தியா வர்த்தக ஒப்பந்தம் போடும்போது பெரும்பாலும் பால் பொருள்களைக் கவனமாக வெளியே வைத்துவிடுகிறது. 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலும், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் அப்படித்தான். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பிழைக்கிற கோடிக்கணக்கான குடும்பங்களின் பிரச்சினை இது. எந்தக் கட்சி ஆட்சியிலும் எளிதில் மாறாது என்பது என் கணிப்பு. பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்ப்பதும் நல்லது. நூறு வருடமாக முக்கோண சீஸ் விற்கும் பிரான்சின் பெல் நிறுவனம், இந்தியாவில் பெரிதாக இறங்க முடிவெடுத்தபோது கண்டெய்னர் கண்டெய்னராக இறக்கவில்லை. 2022இல் பிரிட்டானியாவின் பால் பிரிவில் 49 சதவீதப் பங்கை வாங்கி, புனே பக்கத்தில் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் இங்குள்ள பாலிலேயே தயாரிக்கும் வழியை எடுத்தது. இன்னொரு பக்கம், நமக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் பெருந்துறையில் மில்கி மிஸ்ட் இருக்கிறது. தொழிற்சாலையும் அவர்களுடையது, குளிர்வண்டியும் அவர்களுடையது, பல கடைகளில் நிற்கிற சில்லர் பெட்டியும் அவர்களுடையதே. அந்தப் பெட்டிக்குள் உங்கள் பாக்கெட்டை வைக்கக் கடைக்காரரால் முடியாது. இந்த ஒரு விஷயத்தைப் புதிதாக வருகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

சரி, விலையில் போட்டி போட முடியாது. தரத்தில், ருசியில், குறிப்பிட்ட ஒரு பயனில் போட்டி போடலாம் என்று முடிவு செய்தால் மேற்கொண்டு படியுங்கள். முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். பதப்படுத்திய சீஸ் என்பது செடார் போன்ற இயற்கை சீஸை அரைத்து, சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்து, 75 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கலக்கி எடுப்பது. 1911இல் ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த உப்புகள் கேசீன் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விடுபட்ட புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. அதனால்தான் இது தோசைக்கல்லில் எண்ணெய் பிரியாமல் உருகுகிறது, மாதக்கணக்கில் ருசி மாறாமல் இருக்கிறது. இந்தக் கட்டமைப்புக்கு ஆகாதது உறைநிலை. ஒருமுறை உறைந்தால் ஐஸ் படிகங்கள் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். இளகிய பிறகு ஸ்லைஸ் மணல் மணலாக உதிரும், நீர் விடும். உருக்கும் சூட்டில் சாதாரணக் கிருமிகள் செத்துவிடும், சில வித்து வகைக் கிருமிகள் தப்பிவிடும். அவற்றை அடக்கி வைப்பதில் குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, இந்தச் சரக்கை உறையவும் விடக்கூடாது, சூடாகவும் விடக்கூடாது. 2 முதல் 4 டிகிரிக்குள் வைத்திருந்தால் நிம்மதி. 8ஐத் தாண்ட விடாதீர்கள். உறைந்த மொசரெல்லா இறக்குகிறவர்களிடம் யோசனை கேட்டுவிட்டு இதில் இறங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் அடிபடுகிறார்கள். அவர்களுக்கு மைனஸ் 18 என்ற ஒரே விதி. குளிர் கூடினால் சரக்குக்கு ஒன்றும் ஆகாது. இங்கே இரண்டு பக்கமும் வேலி.

இப்போது காகிதங்கள். உங்கள் பக்கத்தில் வேண்டியவை சுலபமானவை: வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு, ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய லைசென்ஸ், எடை அளவைச் சட்டத்தின்படி இறக்குமதியாளர் பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் வருடத்துக்கு 7,500 ரூபாய். இறக்குமதியாளர் எவ்வளவு சிறியவரானாலும் மத்திய லைசென்ஸ்தான். மாநில லைசென்ஸ் செல்லாது. சிக்கல் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். 2023 பிப்ரவரி 1 முதல், பால் பொருள்களை இந்தியாவுக்கு அனுப்பும் வெளிநாட்டுத் தொழிற்சாலை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2023 மார்ச் 1 முதல், ஒவ்வொரு சரக்கோடும் அந்த நாட்டு அரசு அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வர வேண்டும். அதோடு மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் முன்கூட்டியே சானிட்டரி இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். சென்னையில் அந்தத் துறையின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருப்பது நமக்கு வசதி. உங்கள் தம்பி பார்த்த தொழிற்சாலை இந்தியாவுக்கு இதுவரை ஒன்றும் அனுப்பாததாக இருந்தால், அதன் முதலாளி உங்களுடைய ஒரு கண்டெய்னருக்காக இத்தனையும் செய்வாரா என்பதுதான் முதல் கேள்வி. பல முயற்சிகள் இந்த இடத்திலேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அது நல்லதுதான், பணம் போவதற்கு முன்பே நின்றுவிட்டது.

அந்தச் சான்றிதழில் இந்தியா குறிப்பாகக் கேட்கும் இரண்டு விஷயங்களைத் தம்பியிடம் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். ஒன்று, பால் கொடுத்த மாடுகளுக்கு அசைபோடும் விலங்குகளின் உறுப்பு, ரத்தத்தூள், திசு கலந்த தீவனம் ஒருபோதும் கொடுத்திருக்கக் கூடாது. அமெரிக்காவோடு நம் அரசுக்குப் பல வருடங்களாக இழுபறி நடப்பது இந்த நிபந்தனையின் மேல்தான். ஐரோப்பாவில் பைத்திய மாட்டு நோய்க்குப் பிறகு இத்தகைய தீவனத்தையே தடை செய்துவிட்டார்கள் என்பதால் போலந்துக்கு இது பெரிய தடையாக இருக்காது. இரண்டாவது ரென்னெட், அதாவது சீஸ் செய்யப் பாலை உறைய வைக்கும் பொருள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறைய வைத்த சீஸ் இங்கே ஆகாது. நுண்ணுயிர் ரென்னெட்டோ தாவர வகையோதான் வேண்டும். பதப்படுத்திய சீஸில் இது கொஞ்சம் மறைவான சங்கதி. தொழிற்சாலை தன் கையால் ரென்னெட்டே சேர்ப்பதில்லை, அது வெளியில் வாங்கும் செடாரில் இருக்கிறது. அதனால் 'நாங்கள் விலங்கு ரென்னெட் பயன்படுத்துவதில்லை' என்று அவர்கள் எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. மூலச் சீஸ் எங்கிருந்து வருகிறது, அதைச் செய்கிறவர்கள் என்ன ரென்னெட் பயன்படுத்துகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ சைவம் மட்டும் சாப்பிடும் ஒரு வீட்டம்மா பாக்கெட்டைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் டிபன் டப்பாவில் வைக்கிறார். அந்தப் புள்ளி உண்மையாக இருக்க வேண்டிய பொறுப்பு இறக்குமதி செய்கிறவருடையது.

பொருளின் தரமும் நம் விதிக்குள் வர வேண்டும். நம் விதிப்படி பதப்படுத்திய சீஸில் ஈரப்பதத்துக்கு மேல்வரம்பு உண்டு (பொதுவாக 47 சதவீதம்), நீர் நீக்கிய எடையில் பால் கொழுப்பு 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஸ்ப்ரெட் வகைக்கு ஈரம் 60 வரை போகலாம். ஐரோப்பிய மலிவு ஸ்லைஸ்கள் பல, கொழுப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டித்தான் அந்த விலைக்கு வருகின்றன. சிலவற்றில் தாவரக் கொழுப்பே இருக்கும். தாவரக் கொழுப்பு கலந்ததை இங்கே சீஸ் என்ற பெயரில் விற்கவே முடியாது. உங்கள் தம்பிக்குக் கிடைத்த விலை எந்த வகைக்கு என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஸ்பெசிஃபிகேஷன் தாளை வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள்.

லேபிள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இறக்குமதியாளர் பெயர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் லைசென்ஸ் எண்ணும், சைவ அசைவக் குறி போன்ற சிலவற்றை இங்கே சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய அனுமதி உண்டு. உட்பொருள் பட்டியல், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, லாட் எண் போன்றவற்றை ஸ்டிக்கரால் சரிசெய்ய முடியாது. அவை அசல் பாக்கெட்டில் இல்லையென்றால் சரக்கு திரும்பிப் போகும், அல்லது அழிக்கப்படும். அனுமதிக்கப்பட்ட ஸ்டிக்கரே போதும் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். உங்கள் கண்டெய்னரில் 10 டன் சரக்கு என்று வைத்தால் 200 கிராம் பாக்கெட் 50,000. அத்தனை அட்டைப்பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி, திரும்ப அடுக்க வேண்டும். இதை எங்கே செய்வீர்கள்? மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கத்து யார்டுகளில் குளிரூட்டிய வேலை இடம் அபூர்வம். மே மாதத்துக் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சீஸ் பெட்டிகளைப் பிரித்தால் ஸ்லைஸ்கள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிறகு குளிரில் வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் இந்திய லேபிளைப் போலந்திலேயே அச்சடிக்க வேண்டும். அதற்கு அந்தத் தொழிற்சாலை ஒரு குறைந்தபட்ச அச்சளவு கேட்கும்; பெரும்பாலும் அது உங்கள் ஒரு கண்டெய்னருக்குத் தேவையானதைவிட அதிகமாக இருக்கும்.

அடுத்தது பயணம். குளிர் கண்டெய்னருக்கு நாங்கள் ரீஃபர் என்று சொல்வோம். அது சூடான சரக்கைக் குளிர வைக்கும் இயந்திரம் இல்லை, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் காப்பது. ஏற்றும்போது சீஸின் நடுப்பகுதி 4 டிகிரியில் இருந்ததா என்பதற்குத் தொழிற்சாலையிடம் பதிவு கேளுங்கள். பெட்டிகளுக்கு நடுவில், வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே வரும் டேட்டா லாகர் கருவி இரண்டு மூன்று வைக்கச் சொல்லுங்கள். தகராறு வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். புக்கிங் தாளில் வெப்பநிலை 'பிளஸ்' என்று எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் இறக்குமதியாளருக்கு பிளஸ் 4 என்பது மைனஸ் 4 ஆகி வந்தது. சரக்கு சோதனையில் பாஸானது, ஆனால் வாங்கிய பேக்கரிகள் எல்லாம் திருப்பி அனுப்பின. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன; அப்படிச் சுற்றினால் பத்து நாளுக்கு மேல் கூடும். சென்னைச் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி வருகிறது, அங்கே நெரிசல் இருந்தால் இன்னும் சில நாள். நீங்கள் புக் செய்யும் நேரத்தில் கப்பல் எந்த வழியாக வரும் என்பதை அன்றைய நிலவரத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கெட்ட நிலவரத்தை வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

கப்பல் வருவதற்கு முன்பே பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரத் தாள், போட்டுவிடலாம், போட்டுவிடுங்கள். ரீஃபர் யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மின் இணைப்புக்கும் இடத்துக்கும் பணம். இலவச நாள்கள் முடிந்தால் கப்பல் கம்பெனிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சாதாரண கண்டெய்னரைவிட ரீஃபருக்கு இலவச நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள்; புக்கிங்கின்போதே பேசிக் கூட்டி வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதிகாரி முதலில் ஆவணங்களையும் லேபிளையும் பார்ப்பார், பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தோற்றுப்போனால் மேல்முறையீடு செய்து இன்னோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கலாம். ஆனால் அந்த நாள்கள் எல்லாம் உங்கள் சீஸின் ஆயுளிலிருந்து கழிகின்றன.

இந்த ஆயுள் கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். சட்டம் சொல்வது இது: இறக்குமதி நேரத்தில் மொத்த ஆயுளில் 60 சதவீதம், அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் சீஸுக்கு ஒன்பது மாத ஆயுள் என்று வைத்தால், மூன்று மாதம் மிச்சம் இருந்தாலே சுங்கத்தைத் தாண்டிவிடும். சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. சந்தை அப்படி இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட் செயின்களும், பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் ஆப் கம்பெனிகளும் பாதி ஆயுளுக்குக் கீழே போன சரக்கைக் கிடங்கு வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். சிலர் இன்னும் கறாராகக் கேட்பார்கள். இப்போது நாள்களை எண்ணுங்கள். தயாரிப்பும் சான்றிதழும் முடிந்து துறைமுகம் போக 15 நாள், கடலில் 50 நாள், இங்கே கிளியரன்ஸ் 15 நாள். 270 நாளில் 80 போய்விட்டது. பாதி ஆயுள் என்பது 135ஆவது நாள். அந்தச் செயின்களுக்குக் கொடுக்க உங்களுக்கு 55 நாள்தான் இருக்கிறது. மற்ற கடைகளுக்கு இன்னும் கொஞ்சம் நாள் சேர்த்து, மொத்தம் 100 நாளில் விற்று முடிக்க வேண்டும் என்று வைப்போம். 10 டன் என்றால் தினமும் 100 கிலோ, அதாவது தினமும் 500 பாக்கெட். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பிராண்ட், நல்ல கடையில் வாரத்துக்கு நான்கு பாக்கெட் போனால் பெரிய விஷயம். வாரத்துக்கு 3,500 பாக்கெட் விற்க 875 கடை வேண்டும். முதல் கண்டெய்னருக்கு 875 கடைகளில் குளிர்பெட்டி இடம் யாராலும் பிடிக்க முடியாது.

இதே கணக்கைச் சமையலறைகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்லைஸ் 20 கிராம். தினமும் 100 பர்கரோ சாண்ட்விச்சோ விற்கும் ஓர் இடம் தினமும் 2 கிலோ எடுக்கும். 100 கிலோவுக்கு 50 சமையலறை போதும். அண்ணா நகரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை கஃபேக்கள், பேக்கரிகள், கல்லூரி கேன்டீன்கள், ஐ.டி. வளாகங்களுக்குச் சாப்பாடு போடும் கேட்டரிங்காரர்கள் என்று 50 பேரை ஒரே ஆள் பைக்கில் போய்ப் பார்த்துவிடலாம். அவர்களுக்கு பாக்கெட்டின் அழகு முக்கியமில்லை. ஸ்லைஸ் கிழியாமல் பிரிகிறதா, சூட்டில் ஒரே மாதிரி உருகுகிறதா, மாதாமாதம் தட்டாமல் கிடைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். விநியோகஸ்தர் பங்கு, கடைப் பங்கு இரண்டும் கழிகிறது. எக்ஸ்பயரி ரிட்டர்ன் அநேகமாக இல்லை. ஒரு கிலோவோ அதற்கு மேலோ வரும் பெரிய பொட்டலம் என்பதால் லேபிள் எண்ணிக்கையும் குறைகிறது. இதிலுள்ள கஷ்டம் கடன்தான்: 30 நாள் என்பார்கள், 60 ஆகும், சில இடங்கள் மூடியே போய்விடும். வாரக் கணக்கில் கொடுத்து வாரக் கணக்கில் வாங்குங்கள்.

கடைகளுக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ச் சின்னக் கடைகள் பலவற்றில் ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள். கரண்ட் பில் அவர்களுக்குப் பெரிய சுமை, குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சீஸ் தினமும் ராத்திரி சூடேறி, காலையில் குளிர்ந்து, பாக்கெட்டுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு வாரம் இப்படி ஆன பாக்கெட்டை வாடிக்கையாளர் திறந்து பார்த்தால் உங்கள் பிராண்டைத்தான் திட்டுவார். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இரண்டு புயலின்போதும் நகரத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரும் டீசலும் போதுமான அளவு இருக்கும் குளிர்கிடங்கைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் சரக்கு வந்து இறங்காதபடி தேதியைத் திட்டமிடுங்கள். வாடகை இரண்டு ரூபாய் குறைவு என்று தாழ்வான இடத்துக் கிடங்குக்குப் போகாதீர்கள்.

பணத் தேவையையும் சொல்லிவிடுகிறேன். என் உதாரணத்தில் 10 டன் சரக்கு 40 லட்சம். சுங்க வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து 13.2 லட்சம். ஐ.ஜி.எஸ்.டி. 2.66 லட்சம், இது பிறகு வரவு வந்தாலும் அன்றைக்குக் கட்ட வேண்டும். இதோடு கிளியரன்ஸ், கிடங்குச் செலவு 4 லட்சம். முதல் பாக்கெட் விற்கும் முன்பு ஏறக்குறைய 60 லட்சம் வெளியே போயிருக்கும். இது சேமிப்புப் பணமாக இருந்தால், வீட்டில் எல்லோரையும் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் கண்டெய்னர் இறக்க மாட்டேன். ஏற்கெனவே ஐரோப்பிய சீஸ் இறக்கும் சென்னை, மும்பை இறக்குமதியாளர் ஒருவரிடம் வாரத்துக்கு 100 கிலோ வாங்கி, 20 சமையலறைகளுக்குப் போட்டுப் பார்ப்பேன். லாபம் குறைவுதான், ஆனால் யார் ஒழுங்காகப் பணம் தருகிறார்கள், எந்த வகை ஸ்லைஸ் கேட்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். அதே நேரத்தில் குளிர் தேவைப்படாத வகையையும் பார்ப்பேன். சூடாகவே ஊற்றி இறுக மூடிய டின் சீஸ், அலுமினியத் தாளில் வரும் முக்கோண சீஸ் சில வகைகள் குளிர்பெட்டி இல்லாமலே நிற்பவை. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் நீல டப்பா சீஸைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்தில் நிறைய பேர். அந்த ருசிக்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, சரக்கைச் சாதாரண லாரியிலேயே அனுப்பலாம். சுங்க வரியும் சான்றிதழும் அதற்கும் இதே மாதிரிதான். குளிர்ச் செலவும் ராத்திரி சுவிட்ச் பிரச்சினையும் இருக்காது. அது உங்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இது என் அனுபவத்தில் சொல்வது, கணக்கெடுப்பு எதையும் வைத்துச் சொல்லவில்லை.

வரி விகிதங்கள் பட்ஜெட் தோறும் மாறக்கூடியவை. ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் 0406 30க்கு என்ன காட்டுகிறது என்று உங்கள் சுங்கத் தரகரை வைத்து மறுபடி பாருங்கள். தம்பியிடம் இப்போதைக்கு நான்கு விஷயம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: தொழிற்சாலை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்திருக்கிறதா, ஸ்பெசிஃபிகேஷன் தாளில் ஈரப்பதமும் கொழுப்பும் எவ்வளவு, மூலச் சீஸில் என்ன ரென்னெட், தயாரித்த எத்தனையாவது நாளில் சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவார்கள். பதில் வந்ததும் அந்தத் தாளை இங்கே போடுங்கள், அது நம் விதிக்குள் வருமா என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.